திருகோணமலையை வென்ற பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரேன்

ஈபிள் கோபுரத்தைக் காட்டுவதற்கு விருந்தினரை அழைத்துச் செல்லாத எம்மவர் குடும்பம் பாரிஸில் இருக்காது. லண்டனிலிருந்து மச்சான் வந்தாலும், கனடாவிலிருந்து பெரியம்மா வந்தாலும் முதலாவது ஞாயிற்றுக்கிழமைப் பயணம் அங்கேதான். கோபுரத்துக்கு முன்னால் உள்ள பெருந்திடலின் ஓரமாக ஒரு நீண்ட வீதி செல்கிறது. வாகனம் நிறுத்த இடம் தேடி நாம் பலமுறை சுற்றிச் சுற்றி வந்த வீதி. அதன் பெயர்ப்பலகையில் சுஃப்ரேன் என்று எழுதியிருக்கும். யார் அந்த சுஃப்ரேன் என்று பிள்ளைகள் கேட்டால், யாரோ ஒரு பழைய காலத்துப் பிரபு என்று சொல்லி மழுப்பிவிடுவதே எமது வழக்கமாக இருந்தது.

அந்த மனிதர் சதுரங்கப்பட்டினத்திலும், நாகபட்டினத்திலும், கடலூரிலும், எங்கள் கிழக்குக் கரையிலும் கடற்போர் புரிந்தவர் என்பதையும், திருகோணமலைக் கோட்டையில் ஓராண்டுக்கு மேலாகப் பிரெஞ்சுக் கொடி பறக்கக் காரணமானவர் என்பதையும் அறிந்தபோது எமக்கு வெட்கமாகவே இருந்தது. எமது ஊரின் கதையை இந்த நாட்டு வீதி ஒன்று சுமந்துகொண்டு நிற்க, நாம் அதன்மேல் நடந்து போய்க்கொண்டிருந்தோம். ஆகவே இம்முறை வாசகர்களுக்கு அவருடைய வாழ்க்கையைச் சொல்ல விரும்புகிறோம்.

பியேர் ஆந்திரே த சுஃப்ரேன் 1729 ஆம் ஆண்டு ஜூலை மாதம் தென் பிரான்ஸின் புரோவான்ஸ் மாகாணத்தில், சென் கனா என்னும் ஊரிலிருந்த மாளிகையில் பிறந்தார். தந்தை சென் துறோப்பே பிரபு. இவர் மூன்றாவது மகன். அக்காலத்து வழக்கப்படி சொத்து மூத்தவருக்கு. இளையவர்களுக்கு ஒன்றில் தேவாலயம், அல்லது படை. சுஃப்ரேனுக்கு இரண்டும் கிடைத்தன எனலாம். சிறு வயதிலேயே மால்ட்டாத் தீவின் வீரத்துறவியர் சபையில் சேர்க்கப்பட்டார். கடற்கொள்ளையரோடு போரிடுவதைத் தொழிலாகக் கொண்ட, திருமணம் செய்யாத, பிரபு குலத்தோரின் சபை அது. அதேவேளை 1743 இல், பதினான்கு வயதில், பிரெஞ்சுக் கடற்படையிலும் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்தார். நான்கு மாதங்கள் செல்வதற்குள், 1744 பெப்ரவரியில், தூலோன் துறைமுகத்துக்கு அப்பால் நடந்த போரில் பீரங்கிப் புகையைக் கண்டுவிட்டார்.

அதன் பின்னர் அவரது வாழ்க்கையில் முப்பது வருடங்களுக்கு மேலாகப் பெருமைப்படத்தக்க செய்தி அதிகமில்லை. 1747 இல் அவரிருந்த கப்பல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, கைதியானார். 1756 இல் மினோர்க்காப் போரில் பங்குகொண்டார். 1759 இல் போர்த்துக்கல் கரையோரம் மீண்டும் தோல்வி, மீண்டும் கைது. இரண்டு முறை எதிரியின் கையில் அகப்பட்ட அந்த அனுபவம்தான் அவருடைய குணத்தை ஆக்கியது என்று நாம் நினைக்கிறோம். பிரெஞ்சு அட்மிரல்கள் கப்பல்களைக் காப்பாற்றுவதையே முதற்கடமையாக எண்ணித் தூரத்திலிருந்து சுட்டுவிட்டு விலகிப் போவதை அவர் இளமையிலேயே கண்டார், அதை வெறுத்தார். அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்ஸ் இறங்கியபோது, 1779 இல் கிரனாடாத் தீவுப் போரில் பிரெஞ்சு அணியின் முதற்கப்பலாகச் சென்றவர் அவர். அவருடைய கப்பலில் மட்டும் 62 பேர் இழப்பு. அதற்காக அரசர் அவருக்கு ஆண்டுக்கு 1500 லீவர் உதவித்தொகை வழங்கினார். அப்பொழுது அவருக்கு வயது ஐம்பது.

தோற்றத்தில் அவர் வீரர் போல இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மிகப் பருத்த உடம்பு. நல்ல சாப்பாட்டுப் பிரியர். உடையில் கவனமில்லை. புரோவான்ஸ் கிராமத்து உச்சரிப்பைக் கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை. ஒருமுறை அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஊர்ப் பிரமுகர்கள் காணவர, சாப்பாட்டு வேளையில் அலுவல் பார்ப்பதற்குத் தமது சமயம் இடந்தராது என்று சொல்லியனுப்பினார் என ஒரு கதை உண்டு. வந்தவர்கள் அதை மிகுந்த மரியாதையோடு ஏற்றுத் திரும்பினார்களாம். அவர்களின் பண்பாட்டை நன்றாகத்தான் விளங்கியிருக்கிறார்.

1781 மார்ச் 22 ஆந் திகதி ஐந்து போர்க்கப்பல்களோடு பிறெஸ்ற் துறைமுகத்திலிருந்து புறப்பட்டார். ஒல்லாந்தர் வசமிருந்த நன்னம்பிக்கை முனையை ஆங்கிலேயர் பிடித்துவிடாமல் காப்பதே முதல் வேலை. வழியில், ஏப்ரல் 16 இல், கேப் வேர்டே தீவில் நங்கூரமிட்டிருந்த ஆங்கிலேய அணியைக் கண்டார். அது நடுநிலை வகித்த போர்த்துக்கேயரின் துறைமுகம். அங்கே சண்டை பிடிப்பது முறையன்று. அவர் முறையைப் பார்க்கவில்லை. உள்ளே நுழைந்து தாக்கினார். வெற்றி முழுமையாகவில்லை என்றாலும், ஆங்கிலேயர் பழுதுபார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நன்னம்பிக்கை முனைக்கு முந்திச் சென்று படைகளை இறக்கிவிட்டார். பின்னர் மொரீசியஸ் சென்று, அங்கிருந்த மூத்த தளபதி தோர்வ் என்பவரின் கீழ் இந்தியாவை நோக்கி வந்தார். நோயுற்றிருந்த தோர்வ் 1782 பெப்ரவரி 9 இல் கடலிலேயே இறந்துவிட, அணி முழுவதும் சுஃப்ரேன் கைக்கு வந்தது. (சென் லசார் நிலையத்துக்குப் பக்கத்தில் எஸ்தியென் தோர்வ் என்ற பெயரில் மெத்ரோ நிலையம் இருக்கிறதே, அது இவரல்லர். அதே குடும்பப் பெயரைக்கொண்ட இன்னொரு கடற்படை அதிகாரி. ஜெர்மானியரை எதிர்த்து இரகசியமாக இயங்கியதற்காக 1941 ஓகஸ்ட் 29 இல் மோன் வலேரியனில் சுட்டுக்கொல்லப்பட்டவர். அவரைப்பற்றித் தனியாக எழுதவேண்டும்.)

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சென்னையோ புதுச்சேரியோ கடலூரோ அக்காலத்தில் உண்மையான துறைமுகங்களல்ல. திறந்த கடலில் நங்கூரமிட்டு, வள்ளங்களில் ஆட்களையும் பொருட்களையும் இறக்கவேண்டும். மாரிகாலத்தில் வாடைக்காற்றும் புயலும் தொடங்கினால் எந்தக் கப்பலும் அங்கே நிற்க முடியாது. வங்கக் கடலின் மேற்குப் பக்கத்தில் பன்னிரண்டு மாதமும் கப்பல்கள் பாதுகாப்பாக ஒதுங்கக்கூடிய ஒரே பெருந்துறை திருகோணமலை. அதைப் பிடித்தவன் கையில்தான் அந்தக் கடல். ஒல்லாந்தரிடமிருந்து அதை ஆங்கிலேய அட்மிரல் எட்வேர்ட் ஹியூஸ் 1782 ஜனவரியில் பறித்துக்கொண்டார். சுஃப்ரேன் வந்து சேர்ந்தபோது புதுச்சேரியும் ஆங்கிலேயர் வசம். கப்பல் திருத்த அவருக்கு ஒரு தளமில்லை, களஞ்சியமில்லை, காசுமில்லை. அருகிலிருந்த சொந்தத் துறை மொரீசியஸ். அதற்கோ பல வாரக் கடற்பயணம்.

கணக்குப் புத்தகங்களோடு சீவிக்கின்ற எமக்கு, அவருடைய போர்களைவிட இந்த இடந்தான் வியப்பாக இருக்கிறது. கையிருப்பு எதுவுமில்லாமல் ஒரு பெரும் கடற்படையை ஒன்றரை வருடம் எப்படி நடத்தினார்? பிடிபட்ட ஆங்கிலேய வணிகக் கப்பல்களின் அரிசியைத் தின்றார்கள். அவற்றின் பாய்களையும் கயிறுகளையும் கழற்றித் தங்கள் கப்பல்களில் கட்டினார்கள். பாய்மரம் முறிந்தால் சிறிய கப்பலின் மரத்தைப் பெரியதற்கு மாற்றினார்கள். கடலூரில் வீடுகளின் மரங்களைக்கூடப் பிரித்தெடுத்துக் கப்பல்களைப் பழுதுபார்த்தார்கள். மாலுமிகள் இறக்க இறக்க அந்த இடத்துக்கு இந்திய லஸ்கார்களையும் சிப்பாய்களையும் ஏற்றினார்கள். மொரீசியசுக்குத் திரும்பிவிடுவோம் என்று கப்டன்கள் முணுமுணுத்தபோதெல்லாம் அவர் மறுத்துவிட்டார்.

முதற்போர் 1782 பெப்ரவரி 17 இல் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால். கப்பல் எண்ணிக்கையில் பிரெஞ்சுப் பக்கம் கூட. ஆனால் சமிக்ஞை கொடுத்தும் கப்டன்கள் சிலர் நெருங்கி வரவில்லை. இதுவே அவரது தீராத துயரம். ஐந்து போர்களிலும் தொடர்ந்தது. பின்னர் பரங்கிப்பேட்டையில் படைகளை இறக்கினார். ஹைதர் அலியின் துணையோடு அவை ஏப்ரலில் கடலூரைப் பிடித்தன.

இரண்டாம் போர் ஏப்ரல் 12 இல், திருகோணமலைக்குத் தெற்கே, எங்கள் கரைக்கு மிக அருகில். அன்றைய போர் மிகக் கொடூரமானது. இரு பக்கத்திலும் ஏறத்தாழ 140 பேர் வீதம் மாண்டார்கள். இருட்டியபின் இரு அணிகளும் பாறைகளுக்கிடையில் நங்கூரமிட்டு, ஒருவரையொருவர் பார்த்தபடி நாட்கணக்கில் கப்பல்களைத் திருத்திக்கொண்டிருந்தன. பின்னர் சுஃப்ரேன் மட்டக்களப்புக்குச் சென்று, நோயாளரையும் காயப்பட்டோரையும் கரையிறக்கி, ஜூன் தொடக்கம்வரை அங்கே தங்கினார்.

மூன்றாவது, ஜூலை 6 இல் நாகபட்டினத்துக்கு முன்னால். பதினொரு கப்பலுக்குப் பதினொரு கப்பல். செவேர் என்ற பிரெஞ்சுக் கப்பலின் கப்டன் அஞ்சிக் கொடியை இறக்கிவிட்டார். கீழ் அதிகாரிகள் அவரை மதியாமல் கொடியை மீண்டும் ஏற்றிப் போரைத் தொடர்ந்தார்கள். சரணடைந்த கப்பலைத் தரவேண்டுமென்று ஹியூஸ் பின்னர் ஆளனுப்பிக் கேட்டார். கயிறு அறுந்து கொடி விழுந்ததேயன்றி யாரும் சரணடையவில்லை என்று சுஃப்ரேன் முகம் மாறாமல் பதிலனுப்பினார். ஆனால் அந்தக் கப்டனையும் வேறு சிலரையும் பதவி நீக்கி ஊருக்கு அனுப்பிவிட்டார். அன்று பிரெஞ்சுப் பக்கத்தில் இறந்தோர் ஏறத்தாழ 180. ஆங்கிலேயர் பக்கம் 80 அளவில். ஜூலை இறுதியில் ஹைதர் அலி அவரைக் கடலூருக்கு அருகே தமது பாசறையில் வரவேற்றார். சம்மணமிட்டு இருக்கமுடியாத அந்தப் பருத்த உடம்புக்காக அரச சபையின் ஒழுங்கைத் தளர்த்தி மெத்தைகள் போடச்சொன்னாராம்.

இந்த இடத்தில் ஒரு கறையையும் எழுதாமல் விடமுடியாது. கைதிகளை மாற்றிக்கொள்வோம் என்று சுஃப்ரேன் சென்னைக்கு எழுதினார், உடன்பாடு ஏற்படவில்லை. அவர்களுக்கு உணவளிக்க வழியில்லை என்று கூறி, 1782 ஓகஸ்டில் நூற்றுக்கணக்கான ஆங்கிலேயக் கைதிகளை ஹைதர் அலியிடம் ஒப்படைத்தார். அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். மைசூர்ச் சிறைகளில் பலர் மடிந்தார்கள். தப்பியோர் வருடக்கணக்கில் துன்பப்பட்டார்கள். தாமே இரண்டுமுறை கைதியாக இருந்து உயிரோடு திரும்பிய ஒருவர் இதைச் செய்தார். சாப்பாடு இல்லை என்ற காரணம் பொய்யன்று. இருந்தும், பட்டியலில் பெயர் வருமா வராதா என்று காத்திருப்பது என்னவென்று தெரிந்த எமக்கு, இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போக மனம் வரவில்லை.

இன்னுமொரு கணக்கும் உண்டு. சென்னை அந்த வருடங்களில் வங்காளத்திலிருந்து கடல்வழியாக வரும் அரிசியையே நம்பியிருந்தது. ஹைதருக்கும் கம்பனிக்கும் நடந்த போரில் ஊர்களும் வயல்களும் எரிந்து, 1782 இல் அங்கே பெரும் பஞ்சம். பட்டினியால் வந்தோருக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய சத்திரமே பின்னாளில் மணியக்காரர் சத்திரம் எனப் பெயர் பெற்றது. சுஃப்ரேனின் வரவுப் பக்கத்தில் நாம் வியந்து பார்த்த அரிசிக் கப்பல்கள், அந்தப் பட்டினிக்காரரின் வாய்க்குப் போகவிருந்தவை. அவருடைய வரலாற்றாசிரியர்கள் ஒவ்வொரு கப்டனின் பெயரையும் எழுதியிருக்கிறார்கள். கடலூரில் கூரை மரத்தைப் பறிகொடுத்தவர்களின் பெயரையோ, அக்கப்பல்களில் மாண்ட லஸ்கார்களின் பெயரையோ நாம் படித்த நூல்களில் காணவில்லை.

இனித் திருகோணமலைக்கு வருவோம். 1782 ஓகஸ்ட் 25 இல் சுஃப்ரேனின் அணி கொட்டியாரக் குடாவுக்குள் நுழைந்தது. மறுநாள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் கரையிறங்கினர். 1622 இல் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அந்தக் கற்களைக்கொண்டே கட்டத் தொடங்கிய கோட்டை அது. எமது அடியார்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஹியூஸ் எந்நேரமும் வந்துவிடுவார் என்பதை அறிந்த சுஃப்ரேன், காலத்தை வீணாக்காமல் மதிப்பான நிபந்தனைகளைக் கொடுத்தார். கோட்டைப் படையினர் மரியாதையுடன் வெளியேறிச் சென்னைக்குப் போகலாம். ஓகஸ்ட் 30 இல் பெரிய கோட்டையும், மறுநாள் துறைமுக வாயிலைக் காக்கும் ஒஸ்ரன்பேர்க் கோட்டையும் பணிந்தன. செப்டெம்பர் 2 இரவு ஹியூஸ் வந்து பார்த்தபோது கோட்டையில் பிரெஞ்சுக் கொடி. இரண்டு நாள் பிந்திவிட்டார்.

செப்டெம்பர் 3 இல் நான்காம் போர். பதினான்கு பிரெஞ்சுக் கப்பல்கள், பன்னிரண்டு ஆங்கிலேயக் கப்பல்கள். துறைமுகம் கையில் இருக்க, வெளியே போய்ச் சண்டை பிடிக்கத் தேவையில்லை என்றே பல கப்டன்கள் கருதினர். சுஃப்ரேன் கேட்கவில்லை. அணி குழம்பிப்போய், அவருடைய எரோ என்னும் கப்பலும் இன்னும் இரண்டொன்றும் எதிரியின் நடுவில் தனித்து அகப்பட்டுக்கொண்டன. எரோவின் நடுப்பாய்மரம் முறிந்து கொடியோடு கடலில் விழுந்தது. சரணடைந்துவிட்டார் என்று எண்ணி ஆங்கிலேயர் ஆரவாரித்தார்கள். அவர் மேற்தளத்தில் நின்று, கப்பலிலுள்ள வெள்ளைக் கொடிகளையெல்லாம் கொண்டுவந்து சுற்றிவரக் கட்டும்படி கத்தினார். வெள்ளைக்கொடி என்றதும் சரணடைதல் என்று எண்ணவேண்டாம். அன்றைய பிரெஞ்சு அரசரின் கடற்படைக் கொடி வெள்ளை. மாலையில் காற்று மாறி ஏனைய கப்பல்கள் வந்துசேர, உயிர் தப்பினார். ஆனால் திரும்பி வரும்போது ஓரியோன் என்னும் 74 பீரங்கிக் கப்பல் கவலையீனத்தால் திருகோணமலைப் பாறையில் ஏறி உடைந்தது. எதிரியால் முடியாததைச் சொந்த அதிகாரிகள் செய்து முடித்தார்கள்.

மாரியை சுமத்திராவின் அச்சே துறையில் கழித்தார். டிசம்பர் 7 இல் ஹைதர் அலி காலமானார். 1783 மார்ச்சில் முதிய தளபதி புஸ்ஸி புதிய படைகளுடன் வந்தார். ஜூனில் அவர் கடலூருக்குள் ஆங்கிலேயரால் முற்றுகையிடப்பட்டார். ஹியூஸிடம் பதினெட்டுக் கப்பல்கள். சுஃப்ரேனிடம் பதினைந்து, அவற்றில் பல நீர் கசிபவை. கரையிலிருந்து 1200 பேரை ஏற்றிக்கொண்டு ஜூன் 20 இல் தாக்கினார். தளபதிகள் போரின்போது சிறிய கப்பலிலிருந்தே கட்டளையிட வேண்டும் என்ற அரச ஆணை வந்திருந்ததால், வாழ்க்கையில் முதல் தடவையாக வரிசைக்கு வெளியே நின்றார். தேசிக்காயும் மரக்கறியும் காணாமல் பல்முரசு கரைந்து இறந்துகொண்டிருந்த மாலுமிகளோடு ஹியூஸ் சென்னைக்கு விலகினார். கடலூர் தப்பியது. கரையிறங்கிய சுஃப்ரேனைப் படைவீரர்கள் தூக்கிக் கொண்டாடினார்கள்.

ஒன்பது நாட்களின் பின், சமாதானச் செய்தியோடு ஓர் ஆங்கிலேயக் கப்பல் வந்தது. ஐரோப்பாவில் உடன்பாடு கைச்சாத்தானது ஜனவரி 20 இல். கடலூர்க் கடலில் மாண்டவர்கள், போர் முடிந்து சரியாக ஐந்து மாதத்தின் பின் மாண்டவர்கள்.

ஐந்து போர்களிலும் எந்தப் பக்கமும் மற்றப் பக்கத்தின் ஒரு போர்க்கப்பலைத்தானும் பிடிக்கவுமில்லை, மூழ்கடிக்கவுமில்லை. திருகோணமலை ஒல்லாந்தரிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. நாகபட்டினத்தை ஆங்கிலேயர் வைத்துக்கொண்டனர். 1795 இல் திருகோணமலையையும் எடுத்துக்கொண்டு 1957 வரை தமது கடற்படைத் தளமாக வைத்திருந்தனர்.

நாடு திரும்பும் வழியில் நன்னம்பிக்கை முனையில் ஹியூஸின் கப்டன்கள் சிலரைச் சந்திக்க நேர்ந்தது. அவர்கள் ஒவ்வொருவராக அவருடைய கப்பலுக்கு வந்து மரியாதை செய்தார்கள். கிடைத்த பட்டங்கள் எல்லாவற்றிலும் இதுவே அவருக்கு மகிழ்ச்சி தந்தது என்பர். எதிரி தரும் சான்றிதழில் கலப்படமில்லை அல்லவா?

1784 மார்ச் 26 இல் தூலோன் வந்தடைந்தார். வேர்சாய் அரண்மனையில் பதினாறாம் லூயி அரசர் அவரை வரவேற்றார். பிரான்ஸில் துணை அட்மிரல் பதவிகள் அப்போது மூன்றே. அவருக்காக நான்காவது ஒன்று உருவாக்கப்பட்டது. அவர் இறந்தால் அப்பதவியும் நீங்கும் என்ற நிபந்தனையோடு. மன்னராட்சியின் மிக உயர்ந்த விருதான பரிசுத்த ஆவி விருதின் நீலப்பட்டி அவருக்குச் சூட்டப்பட்டது. மால்ட்டாச் சபை அவரை பய்யி என்னும் உயர்நிலைக்கு ஏற்றியதுடன், பாரிஸில் தமது தூதராகவும் நியமித்தது. புரோவான்ஸ் மாகாணம் அவர் பெயரில் பதக்கம் அடித்தது. ஒல்லாந்தர், புகழ்பெற்ற சிற்பி ஊடோனைக்கொண்டு அவரது மார்பளவுச் சிலையைச் செய்வித்தார்கள். அது ஹேக் நகர மொரிட்சுயிஸ் அரும்பொருளகத்தில் இருக்கிறது; தொங்கும் தாடையும் தடித்த கழுத்துமாக, சிற்பி எதையும் மறைக்கவில்லை.

1788 டிசம்பர் 8 இல் பாரிஸில் திடீரெனக் காலமானார். வயது 59. ஒரு பிரபுவோடு வாட்போர் புரிந்து காயப்பட்டு இறந்தார் என்ற கதை பின்னாளில் பரவியது. நோயும் வைத்தியர்களின் இரத்தம் வடித்தலுமே காரணம் என்பது பொருத்தமாகத் தெரிகிறது. பல வருடங்களின் பின் சென் ஹெலேனாத் தீவில் சிறையிருந்த நெப்போலியன், தமது காலத்தில் இப்படியொரு கடற்படைத் தளபதி கிடைக்கவில்லையே என்று வருந்தினார். பிரெஞ்சுக் கடற்படை அவர் பெயரைத் தலைமுறை தலைமுறையாகக் கப்பல்களுக்கு இட்டு வருகிறது. 2020 இல் கடற்படையிடம் கையளிக்கப்பட்ட அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலும் சுஃப்ரேன்தான்.

அவரது கல்லறையைப் பார்க்க விரும்பி நாம் விசாரித்தோம். மால்ட்டாச் சபைக்குரிய தாம்ப்பிள் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். நீலப்பட்டி சூட்டிய அரசர் 1792 இல் அதே தாம்ப்பிள் வளாகத்தில் குடும்பத்தோடு சிறைவைக்கப்பட்டு, 1793 ஜனவரியில் தலை துண்டிக்கப்பட்டார். அதே ஆண்டில் புரட்சிக்காரர் சுஃப்ரேனின் கல்லறையை உடைத்து எலும்புகளை வெளியே வீசிவிட்டார்கள். ஆர்ஜொந்தெய்யிலிருந்து ரயிலில் சென் லசார் வந்து, மூன்றாம் இலக்க மெத்ரோவில் ஏறினால் தாம்ப்பிள் நிலையத்தில் இறங்கலாம். வளாகமும் இல்லை, தேவாலயமும் இல்லை. அந்த இடத்தில் ஒரு சிறு பூங்கா இருக்கிறது. நாம் போன சனிக்கிழமை அங்கே பிள்ளைகள் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.